பாராதைராய்டு கோளாறு இருக்கும்போது வைட்டமின் டி எடுத்துக்கலாமா? கால்சியம் ஏறிடும்ங்கற பயத்துல எவ்வளவு உண்மை?

ஒரு பிளட் ரிப்போர்ட்டை உதாரணத்துக்கு எடுத்துப்போம். கால்சியம் 10.9, பிடிஎச் (பாராதைராய்டு சுரப்பி விடற ஹார்மோன்) 138, வைட்டமின் டி 11. முதல் ரெண்டு நம்பரும் நார்மலுக்கு மேல, மூணாவது ரொம்பக் கீழ. இதை எடுத்துக்கிட்டு ரெண்டு டாக்டர்கிட்ட போனா ரெண்டு விதமா பதில் வர்றதுக்கு நிறைய வாய்ப்பு இருக்கு. ஒருத்தர் "வைட்டமின் டி கம்மியா இருக்கறதாலதான் பிடிஎச் ஏறியிருக்கு, வாரம் ஒண்ணு 60,000 யூனிட் எட்டு வாரம் போடுங்க, எல்லாம் சரியாயிடும்"பார். இன்னொருத்தர் "கால்சியம் ஏற்கெனவே மேல நிக்குது, இப்ப போய் வைட்டமின் டி-யா, அந்தப் பக்கமே போகாதீங்க"ன்னு அனுப்பிடுவார். வீட்டுக்கு வந்து நெட்ல தேடினா இன்னும் மோசம், ஒரு பக்கம் வைட்டமின் டி விஷம்ங்கற அளவுக்கு எழுதியிருப்பாங்க, இன்னொரு பக்கம் எல்லா வியாதிக்கும் அதுதான் மருந்துன்னு இருக்கும்.

ரெண்டு பதிலுமே பாதி சரி, பாதி தப்பு. முதல் டாக்டர் நோயையே தவற விட்டுட்டார். ரெண்டாவது டாக்டர் நோயைக் கண்டுபிடிச்சார், ஆனா அந்த நோய்னால ஏற்கெனவே அடி வாங்கிட்டு இருக்கற எலும்பை அப்படியே விட்டுட்டார். இது ஏன்னு பொறுமையா பாக்கணும், ஏன்னா இதைப் புரிஞ்சுக்கிட்டா உங்க ரிப்போர்ட்டை நீங்களே பாதி படிச்சிடலாம், டாக்டர்கிட்ட சரியான கேள்வியும் கேக்கலாம்.

முதல்ல அந்த சுரப்பியைப் பத்தி ரெண்டு வார்த்தை. கழுத்துல தைராய்டுக்குப் பின்பக்கம் ஒட்டிக்கிட்டு பொதுவா நாலு குட்டி சுரப்பி இருக்கும், அதுதான் பாராதைராய்டு. அரிசி மணி சைஸ், ஒவ்வொண்ணும் 30-லிருந்து 50 மில்லிகிராம் எடை. இவ்வளவு சின்னதா இருக்கறதாலதான் 1880-ல ஸ்வீடன்ல உப்சாலா பல்கலைக்கழகத்துல மெடிக்கல் ஸ்டூடண்டா இருந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ராம் எழுதி வைக்கற வரைக்கும் மனுஷ உடம்புல இப்படி ஒண்ணு இருக்குன்னே யாரும் பெருசா கவனிக்கலை. பேர்ல தைராய்டு இருக்கே தவிர தைராய்டு செய்யற வேலைக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது, தைராய்டு மாத்திரை சாப்பிட்டா இது சரியாகாது (இதைக் கேக்கறவங்க ரொம்பப் பேர் இருக்காங்க, அதான் சொல்றேன்). இதோட ஒரே கவலை ரத்தத்துல கால்சியம் எவ்வளவு இருக்குங்கறதுதான். கால்சியம் இறங்கினா பிடிஎச்ங்கற ஹார்மோனை விடும். அந்த ஹார்மோன் எலும்பைக் கரைச்சு கால்சியத்தை ரத்தத்துக்குள்ள கொண்டு வரும், கிட்னில யூரின் வழியா போற கால்சியத்தைத் தடுத்து திருப்பி அனுப்பும், கூடவே கிட்னில வைட்டமின் டி-யை அதோட முழு சக்தி உள்ள வடிவத்துக்கு மாத்தி குடல்ல இருந்து இன்னும் கொஞ்சம் கால்சியத்தை உறிஞ்ச வைக்கும். கால்சியம் போதுமான அளவு வந்தாச்சுன்னா சுரப்பி தானா அடங்கிடும். நல்லா இருக்கற உடம்புல நடக்கறது இதுதான்.

இப்ப கோளாறு ரெண்டு வகையா வரலாம், இங்கதான் எல்லாக் குழப்பமும் ஆரம்பிக்குது. ஒண்ணு, சுரப்பியே கெட்டுப் போறது. நாலுல ஒண்ணு வீங்கி கட்டியா மாறி, கால்சியம் போதும்னாலும் கேக்காம ஹார்மோனை விட்டுக்கிட்டே இருக்கும். இது பிரைமரி. இந்த மாதிரி கேஸ்ல 80-85 சதவீதம் ஒரே ஒரு சுரப்பிலதான் கட்டி இருக்கும், மிச்சத்துல பெரும்பாலும் ஒண்ணுக்கு மேற்பட்ட சுரப்பி பெருத்திருக்கும், புற்றுநோயா இருக்கறது 1 சதவீதத்துக்கும் கீழ. பெண்களுக்கு, அதுவும் மாதவிடாய் நின்ன பிறகு, ஆண்களை விட மூணு மடங்கு அதிகமா வருது. ரெண்டாவது வகை, சுரப்பி நல்லாத்தான் இருக்கு, ஆனா வைட்டமின் டி இல்லாததால, இல்ல கிட்னி ஃபெயிலியரால, இல்ல குடல்ல உறிஞ்ச முடியாததால கால்சியம் பத்தாம போய் சுரப்பி ராப்பகலா உழைக்குது. இது செகண்டரி. ரெண்டுலயும் பிடிஎச் மேலதான் இருக்கும். ரெண்டுலயும் வைட்டமின் டி கம்மியா இருக்கலாம். அப்ப எப்படிப் பிரிச்சுப் பாக்கறது?

கால்சியத்தைப் பாருங்க. வைட்டமின் டி குறைபாடு கால்சியத்தை இறக்கும், இல்ல நார்மலோட கீழ் ஓரத்துல வச்சிருக்கும், ஒருநாளும் மேல ஏத்தாது. அதனால கால்சியம் நார்மலைத் தாண்டி, பிடிஎச்-சும் மேல இருந்தா, வைட்டமின் டி எவ்வளவு கம்மியா இருந்தாலும் "வைட்டமின் டி குறைபாட்டாலதான் பிடிஎச் ஏறிச்சு"ன்னு சொல்றது பொருந்தவே பொருந்தாது. நம்ம உதாரண ரிப்போர்ட்ல 10.9 இருக்கே, அது ஒண்ணு போதும் இது பிரைமரியா இருக்கும்னு சந்தேகப்பட. (லேபுக்கு லேப் மாறும், ஆனா பெரியவங்களுக்கு சுமாரா 8.5-லிருந்து 10.5 வரைக்கும் நார்மல்னு வச்சுக்கலாம்.) இன்னொண்ணும் கவனிங்க, பிடிஎச் நார்மல் ரேஞ்சுக்குள்ளயே இருந்தாலும் கால்சியம் மேல இருந்தா அது நார்மல் இல்லை, ஏன்னா கால்சியம் ஏறினா ஒரு நல்ல சுரப்பி கிட்டத்தட்ட வாயை மூடிக்கிட்டு இருக்கணும், பிடிஎச் 20-க்கும் கீழ போயிருக்கணும், அப்ப 50 இருந்தாலே அது தப்புதான். ஆல்புமின் (ரத்தத்துல இருக்கற ஒரு புரதம்) கம்மியா இருக்கறவங்களுக்கு கால்சியம் நம்பர் பொய்யா கம்மியாக் காட்டும், ஆல்புமின் 4-க்குக் கீழ ஒவ்வொரு கிராமுக்கும் 0.8 கூட்டிப் பாக்கணும், இல்லேன்னா அயனைஸ்டு கால்சியம்னு தனியா ஒரு டெஸ்ட் இருக்கு, அதைப் பண்ணிடலாம்.

இதையெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. வைட்டமின் டி கோர்ஸ், திரும்ப டெஸ்ட், பிடிஎச் இன்னும் மேல, இன்னொரு கோர்ஸ், இப்படியே வருஷக்கணக்குல சுத்திக்கிட்டு இருக்கறவங்க இருக்காங்க. நடுவுல கிட்னில கல்லு வரும், இடுப்பு எலும்பு தேயும், எப்பப் பாத்தாலும் அசதி, மலச்சிக்கல், மனசு சரியில்லாம இருக்கறது, எல்லாத்தையும் வயசாயிடுச்சுன்னு தள்ளி விட்டுடுவாங்க. அந்தப் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து வரிசையா வச்சுப் பாத்தா கால்சியம் 10.6, 10.8, 10.7னு ஒவ்வொரு தடவையும் லேசா மேலதான் நின்னுருக்கும், யாரும் பாத்திருக்க மாட்டாங்க, ஏன்னா லேசாத்தானே இருக்குன்னு நினைப்பு.

சரி, இது பிரைமரிதான்னு வச்சுக்குவோம். கால்சியம் இவ்வளவு இருக்கும்போது வைட்டமின் டி எதுக்குக் குறையுது? வெயில்ல போகாததால மட்டும்னு நினைச்சா அது முழுக் கதை இல்லை. வைட்டமின் டி உடம்புல ரெண்டு முக்கியமான வடிவத்துல இருக்கு. தோல்ல வெயில் பட்டு உருவானதோ மாத்திரையில வந்ததோ முதல்ல கல்லீரலுக்குப் போய் 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி-யா மாறும். இது ஸ்டாக், ரத்தத்துல ரெண்டு மூணு வாரம் தாங்கும், லேப்ல நாம சாதாரணமா டெஸ்ட் பண்றது இதைத்தான். இந்த ஸ்டாக்ல இருந்து கிட்னி தேவைக்கு ஏத்த மாதிரி எடுத்து கால்சிட்ரியாலா மாத்தும், வேலை செய்யறது அதுதான், ஆனா சில மணி நேரம்தான் தாங்கும். பிடிஎச் அதிகமா இருந்தா கிட்னி நிக்காம ஸ்டாக்கை எடுத்து கால்சிட்ரியாலா மாத்திக்கிட்டே இருக்கும். அதோட, கால்சிட்ரியால் ஏறினா உடம்பு ஸ்டாக்ல இருக்கறதையும் சேத்து உடைச்சு வெளியேத்த ஆரம்பிச்சிடும். ஆக பிரைமரி இருக்கறவங்களுக்கு ஸ்டாக் சீக்கிரம் தீந்து போகுது. நோய்தான் வைட்டமின் டி-யைத் தின்னுது.

இதைப் பாத்துட்டுத்தான் சிலர் "உடம்பு வேணும்னே வைட்டமின் டி-யைக் குறைச்சு வச்சிருக்கு, கால்சியம் இன்னும் ஏறாம நம்மளைக் காப்பாத்துது, நீங்க மாத்திரை போட்டா அந்தக் காவலை எடுத்த மாதிரி"ன்னு வாதம் பண்றாங்க. கேக்க சரியா இருக்கற மாதிரிதான் தோணும். ஆனா கால்சியத்தை ஏத்தற வடிவம் கால்சிட்ரியால், அது இந்த நோயில பலருக்கு நார்மல் இல்ல நார்மலுக்கு மேலயே இருக்கு, ஸ்டாக் கம்மியா இருக்கறது அதை நிறுத்தலை. அதுமட்டும் இல்லாம, வைட்டமின் டி கம்மியா இருக்கற பிரைமரி பேஷண்டுகளைப் பாத்தா பிடிஎச் இன்னும் அதிகமா இருக்கு, கட்டி பெருசா இருக்கு, எலும்பு அதிகமா கரைஞ்சிருக்கு, ஆபரேஷனுக்கு அப்பறம் கால்சியம் திடீர்னு இறங்கற ஆபத்தும் அதிகமா இருக்கு. இதை எந்தக் கணக்குல பாதுகாப்புன்னு சொல்றது? பாராதைராய்டு செல்லுக்குள்ள வைட்டமின் டி-யைக் கேக்கற ரிசப்டர் இருக்கு, அது வழியா "அடங்கு"ன்னு ஒரு கட்டளை போகும், கட்டியில அந்த ரிசப்டர் குறைஞ்சு போயிருந்தாலும் முழுசா செத்துடலை. வைட்டமின் டி இல்லேன்னா அந்தக் கட்டளையும் போயிடும்.

பயம் எங்க இருந்து வந்துதுன்னா, முன்னாடி பெரிய டோஸ் குடுத்தப்ப சிலருக்கு கால்சியம் உண்மையாவே ஏறிடுச்சு, அதனால பல டாக்டருங்க இந்த நோய்னு தெரிஞ்சாலே வைட்டமின் டி-யைத் தொடாம இருந்தாங்க. 2005-ல நியூசிலாந்துல ஆண்ட்ரூ கிரே குழு இதை நேரடியா பாத்தாங்க. கால்சியம் லேசா மேல இருக்கற, வைட்டமின் டி கம்மியா இருக்கற 21 பேருக்கு முதல் மாசம் வாரா வாரம் 50,000 யூனிட், அப்பறம் மாசம் ஒரு தடவை அதே அளவு, ஒரு வருஷம் வரைக்கும் குடுத்தாங்க. சராசரி கால்சியம் ஏறலை. பிடிஎச் கிட்டத்தட்ட கால் பங்கு இறங்கிச்சு. ஆனா ஒரு சிலருக்கு யூரின்ல போற கால்சியம் ஒரு நாளைக்கு 400 மில்லிகிராமைத் தாண்டிச்சு, இதை மறக்கக்கூடாது, கல்லு வர்றவங்களுக்கு இது முக்கியம்.

அந்த ஆய்வுல ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குழு இல்லைங்கறது ஒரு குறை. 2014-ல டென்மார்க்ல லார்ஸ் ரோலிகெட் குழு அந்தக் குறையைத் தீத்துச்சு. 46 பேரு, பாதிப் பேருக்கு தினம் 2,800 யூனிட் வைட்டமின் டி, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை, யாருக்கு எதுன்னு தெரியாது. ஆபரேஷனுக்கு முன்னாடி 26 வாரம், அப்பறம் 26 வாரம். ஆபரேஷனுக்கு முன்னாடியே வைட்டமின் டி சுமாரா 20-லிருந்து 38-க்கு ஏறிச்சு, பிடிஎச் 17 சதவீதம் குறைஞ்சுது, முதுகெலும்போட அடர்த்தி 2.5 சதவீதம் கூடிச்சு, எலும்பு கரையறதைக் காட்டற குறியீடும் இறங்கிச்சு. கால்சியத்துல ரெண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை, யூரின் கால்சியத்துலயும் இல்லை. 46 பேர்ங்கறது சின்ன எண்ணிக்கைதான், எலும்பு முறிவு குறையுதா, கல்லு குறையுதான்னெல்லாம் இதை வச்சு சொல்லிட முடியாது. ஆனா "போட்டாலே கால்சியம் எகிறும்"ங்கற பயத்துக்கு இது நல்ல பதில்.

கால்சியம் ஏன் ஏறலைங்கறதுக்கு மாடியில இருக்கற தண்ணித் தொட்டியை நினைச்சுக்கங்க. மிதவையை யாரோ கொஞ்சம் மேல ஏத்திக் கட்டிட்டாங்க, அதனால தண்ணி வழக்கத்தை விட உயரமா நிக்குது, ஆனா அந்த உயரம் வந்ததும் மோட்டார் நின்னுடும். இப்ப இன்னொரு பைப்ல கொஞ்சம் தண்ணி வந்தா மட்டம் ஏறாது, மோட்டார் ஓடற நேரம்தான் குறையும். பாராதைராய்டு கட்டியும் பெரும்பாலும் அப்படித்தான், முழுசா கட்டுப்பாடு இல்லாமப் போறதில்லை, கால்சியம் நிக்க வேண்டிய அளவை உயரத்துல மாத்தி வச்சிருக்கு. குடல் வழியா கொஞ்சம் கால்சியம் கூட வந்தா எலும்பைக் கரைக்கற வேலை அந்த அளவுக்குக் குறையுது. எலும்புக்கு அது லாபம். ஆனா ரெண்டாவது பைப்பை முழுசாத் திறந்து விட்டா தொட்டி வழியத்தான் செய்யும், மொத்தமா லட்சக்கணக்குல யூனிட் குடுத்தா நடக்கறது அதுதான்.

அதனால எவ்வளவு, எப்படிங்கறது ரொம்ப முக்கியம். இந்த நோய்க்குன்னே உலக அளவுல நிபுணர்கள் கூடி வழிகாட்டுதல் எழுதறாங்க. 2014-ல வந்த நாலாவது அறிக்கை வைட்டமின் டி 20 நானோகிராமுக்கு மேல இருக்கணும், தினம் 600-லிருந்து 1,000 யூனிட்ல ஆரம்பிக்கலாம்னு சொல்லிச்சு. 2022-ல வந்த அஞ்சாவது அறிக்கை 30-க்கு மேல, ஆனா லேபோட மேல் எல்லையைத் தாண்டாம வைக்கச் சொல்லுது. பிரிட்டன்ல மருத்துவ வழிகாட்டுதல் எழுதற நைஸ் அமைப்பும் 2019-ல வைட்டமின் டி டெஸ்ட் பண்ணி, தேவைன்னா குடுங்கன்னு எழுதியிருக்கு. "தொடாதே"ங்கற பழைய பேச்சு இப்ப எந்த முக்கியமான வழிகாட்டுதல்லயும் இல்லை. ரிப்போர்ட்ல நானோமோல்னு போட்டிருந்தா 2.5-ஆல வகுத்தா நானோகிராம் வரும், 75 நானோமோல்னா 30 நானோகிராம். மாத்திரையில மைக்ரோகிராம்னு இருந்தா 40-ஆல பெருக்கினா யூனிட், 25 மைக்ரோகிராம்னா 1,000.

என் கருத்துல தினசரி சின்ன டோஸ்தான் இவங்களுக்குப் பொருத்தம், ஆயிரமோ ரெண்டாயிரமோ, உங்க டாக்டர் சொல்ற அளவு. உடம்பு எடை அதிகமா இருக்கறவங்களுக்கு இன்னும் கூட தேவைப்படலாம், வைட்டமின் டி கொழுப்புல போய்ப் பதுங்கிக்கும். வாரத்துக்கு 50,000, 60,000னு போட்டு ஆய்வும் நடந்திருக்கு, சிகிச்சையும் நடக்குது, அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா நடுவுல கால்சியம் பாக்காம எட்டு வாரம் போட்டுட்டு வான்னு அனுப்பறது தப்பு. ஒரே ஊசியில 3 லட்சம், 6 லட்சம் யூனிட் ஏத்தறது இந்த நோய் இருக்கறவங்களுக்கு வேணவே வேணாம். மாத்திரைன்னா ஏதாவது ஆச்சுன்னா நிறுத்தலாம், ஊசில போனதைத் திருப்பி எடுக்க முடியாது, ஸ்டாக் வாரக்கணக்குல, மாசக்கணக்குல நிக்கும்.

அடுத்தது எந்த வைட்டமின் டிங்கறது, இங்க நிஜமாவே ஆபத்து இருக்கு. அட்டையைத் திருப்பி சின்ன எழுத்துல இருக்கற மருந்துப் பேரைப் படிங்க. கோலிகால்சிஃபெரால், இல்ல வைட்டமின் டி3-ன்னு இருந்தா அது நாம பேசிக்கிட்டு இருக்கற சாதாரண வைட்டமின் டி. கால்சிட்ரியால், இல்ல ஆல்ஃபாகால்சிடால்னு இருந்தா அது வேற, ஏற்கெனவே முழு சக்தி ஏத்தின வடிவம், இல்ல கல்லீரலைத் தாண்டினதும் அப்படி ஆகிடற வடிவம், கிட்னியோட கட்டுப்பாட்டைத் தாண்டி நேரா குடல்ல போய் கால்சியத்தை உறிஞ்ச வச்சிடும். கால்சியம் மேல இருக்கற பிரைமரி பேஷண்ட் ஆபரேஷனுக்கு முன்னாடி இதை எடுத்துக்கக்கூடாது. பிரச்சனை என்னன்னா மூட்டு வலி, எலும்பு தேய்மானம்னு போனா எழுதித் தர்ற கால்சியம் மாத்திரைகள்ல பலதுல கால்சியத்தோட கால்சிட்ரியாலையும் சேத்தே வச்சிருக்காங்க, மைக்ரோகிராம்ல 0.25னு தம்மாத்தூண்டு போட்டிருக்கும், கண்ணுல படவே படாது. எலும்பு டாக்டர், சர்க்கரை டாக்டர், பொது டாக்டர்னு மூணு இடத்துல மருந்து வாங்கறவங்க எல்லா அட்டையையும் ஒரே கவர்ல போட்டு ஒருத்தர்கிட்ட காட்டிடுங்க.

ஆரம்பிச்ச பிறகு எப்ப டெஸ்ட்? ஒரு மாசத்துக்குள்ள ஒரு தடவை கால்சியம், அப்பறம் மூணு மாசம் ஆனதும் கால்சியம், பிடிஎச், வைட்டமின் டி மூணும் பாத்தா நியாயமா இருக்கும், ஏன்னா ஸ்டாக் ஒரு மட்டத்துல நிக்கறதுக்கே சுமாரா மூணு மாசம் ஆகும். நடுவுல தாகம் தாங்காம தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கறது, அடிக்கடி யூரின் போறது, வாந்தி, மலச்சிக்கல் திடீர்னு கூடறது, குழப்பமா பேசறது இதெல்லாம் வந்தா மூணு மாசம் காத்துக்கிட்டு இருக்காதீங்க, மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே கால்சியம் பாத்துடுங்க. இன்னொரு விஷயம், மேல சொன்ன ஆய்வுகள் எல்லாம் பெரும்பாலும் கால்சியம் லேசா மேல இருக்கறவங்களை வச்சு நடந்தது. 12-ஐத் தாண்டினவங்களுக்கு அந்த முடிவை அப்படியே தூக்கிப் பொருத்தக்கூடாது, அவங்களுக்கு முதல் வேலை கால்சியத்தை இறக்கறதும் ஆபரேஷனும்தான், வைட்டமின் டி-யை ஸ்பெஷலிஸ்ட் பக்கத்துல இருந்து பாத்துக்கணும்.

பிபிக்கு தையசைடு வகை மாத்திரை, உதாரணமா ஹைட்ரோகுளோரோதையசைடு இல்ல குளோர்தாலிடோன், சாப்பிடறவங்க டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க, அது யூரின்ல கால்சியம் போறதைக் குறைச்சு ரத்தத்துல நிறுத்தி வைக்கும். மனநலத்துக்கு லித்தியம் எடுக்கறவங்களும் சொல்லணும், லித்தியமே கால்சியத்தையும் பிடிஎச்-சையும் ஏத்தக்கூடியது. ரெண்டையும் நீங்களா நிறுத்திடாதீங்க. முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடறவங்க டெஸ்ட்டுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி அதை நிறுத்திடுங்க. பல லேப் மெஷின்ல அதிக டோஸ் பயோட்டின் இருந்தா பிடிஎச் இருக்கறதை விடக் கம்மியாவும், வைட்டமின் டி இருக்கறதை விட அதிகமாவும் காட்டிடும், அதாவது நமக்குத் தேவையான ரெண்டு நம்பருமே தலைகீழா நம்மளை ஏமாத்தும். முடி மாத்திரைதானேன்னு யாரும் டாக்டர்கிட்ட சொல்றதே இல்லை.

வைட்டமின் டி குடுத்த பிறகு கால்சியம் ஏறினா அதை எப்படி எடுத்துக்கணும்? மாத்திரையாலதான்னு உடனே பழி போடறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிக்கணும். சிலருக்கு பிரைமரி இருந்தும் வைட்டமின் டி ரொம்பக் கம்மியா இருக்கறதாலயே கால்சியம் நார்மல் ரேஞ்சுக்குள்ள அமுங்கிக் கிடக்கும். அவங்க ரிப்போர்ட்டைப் பாத்தா செகண்டரி மாதிரியே இருக்கும், வைட்டமின் டி 9, பிடிஎச் 120, கால்சியம் 10.1. வைட்டமின் டி-யை நிரப்பினதும் ரெண்டுல ஒண்ணு நடக்கும். பிடிஎச் இறங்கி நார்மல் ஆச்சுன்னா அது செகண்டரி, முடிஞ்சுது. பிடிஎச் இறங்காம கால்சியம் 10.7, 10.8னு மேல வந்துதுன்னா உள்ள ஒளிஞ்சிருந்த பிரைமரி வெளிய வந்திருக்கு. அந்த நோய் அங்க முன்னாடியே இருந்தது. கால்சியம் நார்மலாவே இருந்து பிடிஎச் மட்டும் ஏறி நிக்கற ஒரு வகை பிரைமரி உண்டு, அதை உறுதி பண்ணணும்னா முதல்ல வைட்டமின் டி-யை 30-க்கு மேல கொண்டு வந்து, கிட்னியும் நல்லா இருக்குன்னு பாத்த பிறகுதான் சொல்லவே முடியும்.

யூரின் கால்சியம் டெஸ்ட்லயும் இதே சிக்கல் உண்டு. பரம்பரையா வர்ற ஒரு நிலை இருக்கு, கால்சியத்தை உணர்ற ரிசப்டரோட ஜீன்ல ஒரு மாற்றம், கால்சியம் வாழ்க்கை முழுக்க லேசா மேல இருக்கும், பெரும்பாலும் ஒரு தொந்தரவும் பண்ணாது, ஆபரேஷன் பண்ணினாலும் சரியாகாது. அதைப் பிரைமரியில இருந்து பிரிக்க 24 மணி நேர யூரின் எடுத்து கால்சியம் எவ்வளவு போகுதுன்னு பாப்பாங்க, ரொம்பக் கம்மியா போனா இந்தப் பரம்பரை நிலையா இருக்கலாம். வைட்டமின் டி கம்மியா இருந்தா பிரைமரி பேஷண்டுக்கும் யூரின் கால்சியம் பொய்யா கம்மியாக் காட்டும். அப்ப ஆபரேஷன் தேவைப்படறவரை "இது பரம்பரை, விட்டுடுங்க"ன்னு அனுப்பிடற ஆபத்து இருக்கு. வைட்டமின் டி-யை சரி பண்ணிட்டு யூரினைத் திரும்பப் பாக்கணும்.

கால்சியம் மேல இருந்து பிடிஎச் அடங்கிப் போய் ரொம்பக் கம்மியா இருந்தா அது பாராதைராய்டு விஷயமே இல்லை. சார்காய்டோசிஸ், டிபி, சில புற்றுநோய், வைட்டமின் டி ஓவர்டோஸ், இப்படி வேற காரணமா இருக்கும், அங்க வைட்டமின் டி குடுக்கறது நிஜமாவே ஆபத்து. நான் இதுவரைக்கும் சொன்ன எதையும் அந்த இடத்துல பொருத்திடாதீங்க. கிட்னி ஃபெயிலியரால பிடிஎச் ஏறினவங்களுக்கும் கணக்கு வேற, அங்க பாஸ்பரஸ், டயாலிசிஸ், கால்சிட்ரியால், சினகால்செட்னு தனி வைத்தியம், அதை நெஃப்ராலஜிஸ்ட்தான் பாக்கணும்.

சாப்பாட்டுல கால்சியத்தைக் குறைக்கணுமான்னு எல்லாரும் கேப்பாங்க. வேணாம். ரத்தத்துல கால்சியம் மேல இருக்கறது சாப்பாட்டால இல்லை, எலும்பைக் கரைக்கறதால. பாலு, தயிரு எல்லாத்தையும் நிறுத்தினா அந்த சுரப்பிக்கு இன்னும் வெறி பிடிச்சு எலும்பையே நம்பி வாழ ஆரம்பிக்கும். வழிகாட்டுதல்களும் மத்தவங்க எடுக்கற அதே அளவு, வயசைப் பொறுத்து ஒரு நாளைக்கு 800-லிருந்து 1,000 மில்லிகிராம், சாப்பாட்டுலயே இருக்கட்டும்னுதான் சொல்லுது. தண்ணி நல்லா குடிங்க, நீர் வத்தினா கால்சியம் இன்னும் ஏறும்.

இவ்வளவு சொன்னாலும் வைட்டமின் டி இந்த நோய்க்கு வைத்தியம் இல்லை, கட்டியை அது கரைக்காது. கட்டியை எடுத்தாத்தான் நோய் தீரும். கால்சியம் மேல் எல்லைக்கு மேல 1 மில்லிகிராமுக்கு மேல ஏறியிருந்தா, எலும்பு அடர்த்தி டி ஸ்கோர் மைனஸ் 2.5 இல்ல அதுக்கும் கீழ இருந்தா, முதுகெலும்பு நொறுங்கியிருந்தா, கிட்னில கல்லு இருந்தா, கிட்னி எவ்வளவு வடிகட்டுதுன்னு காட்டற ஜிஎஃப்ஆர் 60-க்குக் கீழ போனா, வயசு 50-க்குக் கீழ இருந்தா, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலே ஆபரேஷனைப் பத்திப் பேசச் சொல்லுது வழிகாட்டுதல். வைட்டமின் டி-யால பிடிஎச் 138-லிருந்து 110 ஆனதைப் பாத்துட்டு "குணமாயிட்டு வருது"ன்னு ஆபரேஷனைத் தள்ளிப் போடறது நடக்குது, எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் அது. எலும்பு கொஞ்சம் மெதுவா கரையுது, அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்கு நாள் குறிச்ச பிறகு வைட்டமின் டி-க்கு இன்னொரு வேலை வருது. பிடிஎச் ரத்தத்துல சில நிமிஷம்தான் தாங்கும், அதனால கட்டியை எடுத்து பத்து நிமிஷத்துல ரத்தம் எடுத்துப் பாத்து பாதிக்கு மேல இறங்கியிருந்தா சரியான கட்டியைத்தான் எடுத்தோம்னு தியேட்டர்லயே தெரிஞ்சுக்கறாங்க. அவ்வளவு வேகமா ஹார்மோன் இறங்கினா, இத்தனை வருஷம் கால்சியத்தை விட்டுக் குடுத்த எலும்பு இப்ப பசியோட ரத்தத்துல இருக்கறதையெல்லாம் இழுக்க ஆரம்பிக்கும். ரெண்டாவது நாள், மூணாவது நாள்ல உதட்டைச் சுத்தி மரத்துப் போற மாதிரி, விரல் நுனில எறும்பு ஊர்ற மாதிரி, கை தசை இழுத்துப் பிடிக்கற மாதிரி இருக்கும். எலும்பு ரொம்ப அரிச்சுப் போனவங்களுக்கும் வைட்டமின் டி காலியா இருக்கறவங்களுக்கும் இது கடுமையா வரும், ட்ரிப்ஸ்ல கால்சியம் ஏத்த வேண்டி வரலாம். முன்னாடி வேணாம்னு சொன்ன அதே கால்சிட்ரியாலை இப்ப டாக்டரே எழுதித் தருவார், அதைப் பாத்துக் குழம்பிக்க வேணாம், இப்ப நிலைமை மாறிடுச்சு. மெக்னீசியமும் பாக்கச் சொல்லுங்க, அது கம்மியா இருந்தா கால்சியம் எவ்வளவு குடுத்தாலும் நிக்காது.

வீட்டுக்கு வந்து ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்தா சிலருக்கு கால்சியம் நார்மலா 9.4 இருக்கும், பிடிஎச் மட்டும் 80, 90னு காட்டும், உடனே ஆபரேஷன் ஃபெயில்னு பயந்துடறாங்க. பெரும்பாலும் அப்படி இல்லை, எலும்பு இன்னும் கால்சியத்தை இழுத்துக்கிட்டு இருக்கு, வைட்டமின் டி இன்னும் நிரம்பலை, மிச்சம் இருக்கற நல்ல சுரப்பிங்க அதுக்காக உழைக்குது. வைட்டமின் டி-யைத் தொடர்ந்து எடுத்து 30-க்கு மேல வச்சிருந்தா பல பேருக்கு அந்த பிடிஎச் மெதுவா இறங்கிடும். ஆபரேஷன் வெற்றியான்னு முடிவு பண்றது ஆறு மாசம் கழிச்சு வர்ற கால்சியம் நம்பரை வச்சுத்தான், பிடிஎச்-சை வச்சு இல்லை.